லார்ட் எர்ஸ்கின் தாள்கள்: ஒரு மதராஸ் கவர்னரின் அரசு ஆவணங்களைத் தேடிப் படிக்க முழுமையான வழிகாட்டி

1938 ஜூலையில் மதராஸ் கவர்னர் லார்ட் எர்ஸ்கின், வைஸ்ராய் லின்லித்கோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கட்டாய இந்தி இந்த மாகாணத்தில் பெருந்தொல்லையைக் கிளப்பியிருக்கிறது, பெரும்பாலான மக்களின் விருப்பத்துக்கு அது மாறானது என்ற கருத்து அதில் இருக்கிறது. முதல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய கட்டுரைகளில் இந்த வரி திரும்பத் திரும்ப வரும். கவர்னரே ஒப்புக்கொண்டார் என்பார்கள், அதோடு கட்டுரை அடுத்த விஷயத்துக்குப் போய்விடும்.

அந்தக் கடிதத்தின் மீதிப் பகுதியில் என்ன இருக்கிறது? லின்லித்கோ என்ன பதில் எழுதினார்? அதே வாரத்தில் கோட்டையில் கல்வித் துறை கோப்பில் என்ன குறிப்பு ஓடிக்கொண்டிருந்தது? இவற்றைத் தேடிப் பார்த்தவர்கள் குறைவு. பார்க்க முடியாது என்பதில்லை. தாள்கள் இருக்கின்றன, பொதுமக்கள் பார்க்கலாம். எங்கே தொடங்குவது என்று யாரும் சொல்லித்தருவதில்லை, அவ்வளவுதான். ஆய்வு மாணவர்கள், பத்திரிகையாளர்கள், ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் என மூவரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எர்ஸ்கினை உதாரணமாக எடுத்துக்கொண்டாலும் இதே முறை அவருக்கு முந்தைய மதராஸ் கவர்னர்களான கோஷனுக்கும் வில்லிங்டனுக்கும் ஆம்ப்ட்ஹிலுக்கும் பொருந்தும்.

முதல் படி: ஆளையும் காலத்தையும் சரியாகப் பிடியுங்கள்

ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன் வீட்டிலேயே முடிக்க வேண்டிய வேலை இது. ஜான் பிரான்சிஸ் ஆஷ்லி எர்ஸ்கின் 1895இல் பிறந்தவர், கன்சர்வேட்டிவ் கட்சி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். 1934 நவம்பரில் மதராஸ் கவர்னராக வந்து 1940 மார்ச்சில் விடைபெற்றார். அவருக்கு முன் ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டான்லி, பின் ஆர்தர் ஹோப். தந்தை ஸ்காட்லாந்தில் ஒரு பிரபு. 'லார்ட் எர்ஸ்கின்' என்பது வாரிசு என்ற முறையில் அவருக்கு வழங்கிய மரியாதைப் பெயர். தந்தை இருக்கும்போதே, 1953இல், எர்ஸ்கின் இறந்துவிட்டதால் தந்தையின் பிரபுப் பட்டம் அவருக்கு வரவேயில்லை. இது எதற்கு என்றால், பெயர்ப் பட்டியலில் தேடும்போது 'லார்ட் எர்ஸ்கின்' என்ற பெயரில் வேறு நூற்றாண்டுகளைச் சேர்ந்த பலர் வந்து நிற்பார்கள். முழுப் பெயரையும் பிறப்பு, இறப்பு ஆண்டுகளையும் கையில் வைத்திருந்தால் குழப்பம் இல்லை.

அப்புறம் ஒரு காலவரிசைத் தாள் தயாரியுங்கள். எர்ஸ்கினுக்கு அதில் கட்டாயம் இருக்க வேண்டியவை இவை. 1936 ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரை அவர் பொறுப்பில் இல்லை. கூர்ம வெங்கட ரெட்டி நாயுடு தற்காலிக கவர்னராக இருந்தார். அந்த மாதங்களில் 'கவர்னர்' என்று ஒரு கோப்பு சொன்னால் அது எர்ஸ்கின் அல்ல. 1936 ஏப்ரலில் வைஸ்ராய் மாறினார், வில்லிங்டன் போய் லின்லித்கோ வந்தார். 1937 பிப்ரவரி தேர்தலில் சட்டசபையின் 215 இடங்களில் காங்கிரஸ் 159 வென்றது. 1937 ஏப்ரல் 1 முதல் ஜூலை நடுவரை அதே வெங்கட ரெட்டி நாயுடு தலைமையில் இடைக்கால அமைச்சரவை. ஜூலையில் ராஜாஜி. 1938 ஏப்ரல் 21இல் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கும் அரசாணை. 1939 அக்டோபர் இறுதியில் அமைச்சரவை ராஜினாமா, 1935 இந்திய அரசுச் சட்டத்தின் 93ஆம் பிரிவின் கீழ் கவர்னர் ஆட்சி. 1940 பிப்ரவரி 21இல் கட்டாய இந்தி விலக்கப்பட்டது.

இந்தத் தேதிகள் வெறும் பின்னணி இல்லை. ஒவ்வொரு தேதியிலும் கவர்னரின் அதிகாரம் மாறுகிறது, அதனால் அவரது தாள்களின் தன்மையும் மாறுகிறது. 1937 ஏப்ரலுக்கு முன் சில துறைகளை நிர்வாகக் குழுவோடும் மற்றவற்றை அமைச்சர்களோடும் ஆண்டவர், 1937 ஏப்ரலுக்குப் பின் பெரும்பாலான விஷயங்களில் அமைச்சர்களின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர், 1939 அக்டோபருக்குப் பின் ஆலோசகர்களை வைத்துக்கொண்டு தாமே ஆண்டவர். 1938இல் அவர் ஒன்றைப் பற்றிக் கடிதத்தில் குறைப்பட்டுக்கொள்கிறார் என்றால், அதை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருந்ததா இல்லையா என்று நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 1935 இந்திய அரசுச் சட்டத்தில் கவர்னரின் தனிப் பொறுப்புகளைச் சொல்லும் 52ஆம் பிரிவையும், அரசியல் இயந்திரம் நின்றால் என்ன செய்வது என்று சொல்லும் 93ஆம் பிரிவையும் ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். அரை மணி நேர வேலை, பல மாத வேலையைக் காப்பாற்றும்.

இரண்டாம் படி: தாள்கள் போன மூன்று தடங்கள்

ஒரு கவர்னரின் அரசுத் தாள்கள் ஒரே பெட்டியில் இருப்பதில்லை. எர்ஸ்கின் விஷயத்தில் அவை மூன்று தடங்களில் பிரிந்து கிடக்கின்றன.

முதலாவது, அவர் கையோடு கொண்டுபோனவை. வைஸ்ராயோடும் லண்டனில் இருந்த இந்தியா மந்திரியோடும் நடத்திய கடிதப் போக்குவரத்தின் தொகுதிகளைப் பதவிக்காலம் முடிந்ததும் கவர்னர்கள் ஊருக்குக் கொண்டுபோவது அன்றைய வழக்கம். பிறகு குடும்பங்கள் அவற்றை நூலகங்களுக்குக் கொடுத்தன. எர்ஸ்கின் தொகுப்பு இப்போது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா ஆபீஸ் (இந்திய விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் அரசுத் துறை) தனியார் தாள்கள் வரிசையில் இருக்கிறது. குறியீடு: எம்.எஸ்.எஸ். ஈ.யூ.ஆர். டி 596 (ஆங்கிலத்தில் Mss Eur D596). பக்கத்து எண்ணான டி 595 என்பது 1924 முதல் 1929 வரை மதராஸ் கவர்னராக இருந்த கோஷனின் தொகுப்பு.

இரண்டாவது, அவரது அரசு இங்கேயே விட்டுப்போனவை. அரசாணைகள், குறிப்புத் தாள்கள், ரகசியக் கோப்புகள். இவை எழும்பூரில், ரயில் நிலையத்துக்கு எதிரே காந்தி இர்வின் சாலையில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய ஆட்கள் இன்னும் மதராஸ் ரெக்கார்டு ஆபீஸ் என்பார்கள்.

மூன்றாவது, மேலே போய்ச் சேர்ந்தவை. வைஸ்ராய் பெற்ற கடிதங்கள் லின்லித்கோ தொகுப்பில் (எம்.எஸ்.எஸ். ஈ.யூ.ஆர். எஃப் 125), இந்தியா மந்திரி செட்லண்டின் தாள்கள் டி 609இல், மாகாண கவர்னர்களின் அறிக்கைகள் இந்தியா ஆபீஸ் பதிவுகளில் எல்/பி.ஜே./5 என்ற வரிசையில். இவை லண்டனில். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்துறை அரசியல் கோப்புகளில், தலைமைச் செயலாளர் இரு வாரத்துக்கு ஒரு முறை அனுப்பிய மாகாண நிலவர அறிக்கைகள் உண்டு.

கவர்னரின் கடிதம் ஓர் உரையாடலின் ஒரு பக்கம் மட்டுமே. மறுபக்கத்தைப் பார்க்காமல் அதை மேற்கோள் காட்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். லண்டன் போனவர்கள் எழும்பூருக்குப் போவதில்லை, எழும்பூரிலேயே இருப்பவர்களுக்கு லண்டன் எட்டுவதில்லை. அதனால்தான் எர்ஸ்கின் காலம் பற்றி இரண்டு விதமான வரலாறு நிலவுகிறது: ஒன்றில் கவர்னர் எல்லாம் அறிந்த சாட்சி, மற்றொன்றில் அவர் ஆளே இல்லை.

மூன்றாம் படி: இணையத்தில் கிடைப்பதை முதலில் முடியுங்கள்

தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' என்ற தளத்தில் கணக்குத் தொடங்குங்கள், இலவசம். கோப்புப் பட்டியலைத் தேடலாம், ஸ்கேன் செய்யப்பட்டவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம். தேடும்போது 'எர்ஸ்கின்' என்று அடித்தால் ஏமாற்றம்தான். அன்றைய எழுத்தர்கள் கோப்புத் தலைப்பில் ஆள் பெயர் போடுவது அபூர்வம். மதராஸ், ஆண்டு, 'ஃபோர்ட்நைட்லி ரிப்போர்ட்ஸ்' (மேலே சொன்ன இரு வார அறிக்கைகள்) என்று ஆங்கிலத்தில் கொடுங்கள். 1930களில் இந்த அறிக்கைக் கோப்புகள் 18 என்ற எண்ணில் தொடங்கும். அடுத்து மாத எண், அடுத்து ஆண்டு. 18/7/38 என்றால் 1938 ஜூலை. எல்லா மாகாணங்களின் அறிக்கையும் ஒரே கோப்பில் இருக்கும். மதராஸ் பகுதி சில தாள்கள்தான், புரட்டிக் கண்டுபிடிக்க வேண்டும்.

பிரிட்டிஷ் நூலகத்தின் இணையப் பட்டியல் 2023 அக்டோபரில் நடந்த சைபர் தாக்குதலில் முடங்கி, படிப்படியாகத்தான் மீண்டுவருகிறது. பழைய இணைப்புகள் பல வேலை செய்யாது. குறியீடு தெரிந்தால் பட்டியல் இல்லாமலும் வேலை நடக்கும். அதனால்தான் மேலே எண்களை அப்படியே தந்தேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டனுக்குச் செலவு செய்யும் முன் டெல்லியில் விசாரியுங்கள். லின்லித்கோ தொகுப்பு மைக்ரோஃபிலிமாக டெல்லியில் பார்க்கக் கிடைக்கும். தேசிய ஆவணக் காப்பகத்திலும், முன்பு நேரு நினைவு நூலகமாக இருந்து இப்போது பிரதமர்கள் அருங்காட்சியக நூலகமாகிவிட்ட தீன்மூர்த்தி வளாகத்திலும் மைக்ரோஃபிலிம் பட்டியலைக் கேளுங்கள். எர்ஸ்கின் எழுதிய கடிதம் அவருடைய தொகுப்பில் நகலாக இருக்கும், லின்லித்கோ தொகுப்பில் போய்ச் சேர்ந்த வடிவில் இருக்கும். ஆக டெல்லி ரயில் டிக்கெட்டிலேயே பாதி வேலை முடிய வாய்ப்பிருக்கிறது.

நான்காம் படி: எழும்பூர்

இங்கேதான் அதிக நாள் செலவாகும். செலவிடவும் வேண்டும்.

அனுமதிக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அடையாள அட்டை நகல், கல்லூரி அல்லது பல்கலைக்கழகத்தின் பரிந்துரைக் கடிதம், ஆய்வுத் தலைப்பு, காலகட்டம் எல்லாம் தயாராக இருக்கட்டும். எந்த நிறுவனத்தையும் சாராதவர் என்றால் முன்கூட்டியே நேரில் போய், என்ன கடிதம் ஏற்றுக்கொள்வார்கள் என்று கேட்டுவிடுங்கள். தலைப்பைச் சற்று அகலமாகக் கொடுங்கள். 'இந்தி எதிர்ப்புப் போராட்டம், 1938' என்று குறுக்கினால், சிறைத் துறை கோப்பையோ தேர்தல் கோப்பையோ கேட்கும்போது இது உங்கள் தலைப்பில் வராதே என்ற கேள்வி எழலாம். 'மதராஸ் மாகாண நிர்வாகம், 1934–1940' என்றால் அந்தப் பிரச்சினை இல்லை.

உள்ளே போனதும் கோப்பைக் கேட்காதீர்கள், இண்டெக்ஸைக் கேளுங்கள். ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அச்சிட்ட அகரவரிசைப் பட்டியல் உண்டு. அதில் பொருள், அரசாணை எண், தேதி இருக்கும். எர்ஸ்கின் காலத்துக்கு நீங்கள் பார்க்க வேண்டிய துறைகள் முக்கியமாகப் பப்ளிக், ஹோம், எஜுகேஷன் அண்ட் பப்ளிக் ஹெல்த், லா. ஒரே நிகழ்ச்சி நான்கிலும் சிதறிக் கிடக்கும். இந்தி அரசாணை கல்வித் துறையில், மறியல் செய்தவர்களைக் கைது செய்தது பப்ளிக் துறையில், கைதிகளின் சிறை நிலைமை ஹோமில், எந்தச் சட்டப் பிரிவில் வழக்குப் போடலாம் என்ற ஆலோசனை லாவில் என்று வைத்துக்கொண்டு தேடுங்கள். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைக்காவலில் நோயுற்று இறந்தது பற்றித் தேடுகிறவர் கல்வித் துறை இண்டெக்ஸை மட்டும் புரட்டினால் ஒன்றும் கிடைக்காமல் திரும்புவார்.

அரசாணை எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்துகளையும் கவனியுங்கள். 'எம்.எஸ்.' என்றால் கொள்கை சார்ந்த, முக்கியமான ஆணை. 'ஆர்.டி.' வாடிக்கையான விஷயம். 'பிரஸ்' என்று இருந்தால் அச்சிட்டது. 'கான்ஃபிடென்ஷியல்' என்று இருந்தால் கேட்டு வாங்க வேண்டியது, பலவும் இன்று திறந்தவைதான். இவற்றுக்கு அப்பால் 'அண்டர் செக்ரட்டரி சேஃப் ஃபைல்ஸ்' என்று ஒரு தனி வரிசை உண்டு. சார்புச் செயலாளரின் இரும்புப் பெட்டியில் வைத்திருந்த ரகசியக் கோப்புகள் அவை. அரசியல் இயக்கங்கள், தலைவர்கள் மீதான கண்காணிப்பு, கவர்னருக்குக் காட்டப்பட்ட போலீஸ் குறிப்புகள் போன்றவற்றை இங்கே தேடலாம். அந்த வரிசையின் பட்டியலைத் தனியாகக் கேளுங்கள், பொது இண்டெக்ஸில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இப்போது கோப்பு மேஜைக்கு வந்துவிட்டது. மேலே இருப்பது ஆணை: நாலைந்து பாரா, கீழே 'பை ஆர்டர் ஆஃப் ஹிஸ் எக்ஸலன்ஸி தி கவர்னர்' என்ற வாசகம். இந்த வாசகத்தை வைத்துக் கவர்னர் ஆணையிட்டார் என்று எழுதிவிடாதீர்கள். எல்லா ஆணைக்கும் இதுதான் வாசகம், அவர் அந்தத் தாளைக் கண்ணால் பார்க்காவிட்டாலும் இப்படித்தான் இருக்கும். ஆணைக்கு அடியில் கட்டியிருக்கும் நோட்ஸை, அதாவது குறிப்புத் தாள்களை, பாருங்கள். மஞ்சளித்து, ஓரம் நொறுங்கும் தாளில், எழுத்தர் முதலில் விஷயத்தைச் சுருக்கி எழுதியிருப்பார். அதன் கீழே துணைச் செயலாளர் இரண்டு வரி, அதன் கீழே செயலாளர், அதன் கீழே அமைச்சர். ஒவ்வொருவரும் பெயரின் முதலெழுத்தும் தேதியும் மட்டும் போட்டிருப்பார்கள். 'எச்.ஈ.' (ஹிஸ் எக்ஸலன்ஸி) என்று வரும் இடம்தான் கவர்னர். கோப்பு அவரிடம் போனதா, போய் எத்தனை நாள் இருந்தது, அவர் எழுதினாரா அல்லது வெறுமனே பார்த்தாரா என்று அங்கே தெரியும். பல கோப்புகளில் அவரிடம் போகவேயில்லை என்றுதான் தெரியும். அதுவும் ஒரு விடை.

முதலெழுத்துகளை யாருடையவை என்று கண்டுபிடிக்க, அந்த ஆண்டின் மதராஸ் சிவில் லிஸ்டை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில் எந்த நாற்காலியில் யார் என்று அதில் இருக்கும். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் முதலெழுத்து, பெயர், பதவி என்று ஒரு பட்டியல் வளர்த்துக்கொண்டே வாருங்கள். சில நாளில் கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவீர்கள்.

எல்லா ஆணைக்கும் நோட்ஸ் கிடைக்காது. அன்றைய அலுவலக விதிப்படி ஒவ்வொரு கோப்பும் முடியும்போது எவ்வளவு காலம் வைத்திருப்பது என்று ஒரு முத்திரை விழும். 'ஆர்.டிஸ்.' என்றால் நிரந்தரம், 'எல்.டிஸ்.' என்றால் சீக்கிரம் அழிக்க வேண்டியது. இடையில் வேறு சில வகைகள். நீங்கள் தேடும் தாள் ரகசியமாக மறைக்கப்பட்டது என்று முடிவு கட்டும் முன், அது விதிப்படி அழிக்கப்பட்ட வகையா என்று பாருங்கள்.

புகைப்படம், நகல் பற்றிய விதிகள் அவ்வப்போது மாறும், முதல் நாளே கேட்டுவிடுங்கள். பென்சில் கொண்டுபோங்கள். நொறுங்கும் தாளை எச்சில் விரலால் புரட்டவே கூடாது. இன்னொருவருக்கும் அது வேண்டும்.

ஐந்தாம் படி: லண்டன்

யூஸ்டன் சாலையில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கான வாசிப்பு அறைக்குப் போக ரீடர் பாஸ் எடுக்க வேண்டும். கட்டணம் இல்லை. பாஸ்போர்ட்டும், வீட்டு முகவரிக்கான சான்றும் வேண்டும். முகவரிச் சான்றை மறந்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். எந்தத் தொகுதிகள் வேண்டும் என்று கிளம்புவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு, அவை அறைக்கு வருமா, எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று உறுதி செய்யுங்கள். பெரும்பாலான தாள்களைச் சொந்தக் கேமராவில், ஃப்ளாஷ் இல்லாமல், படம் எடுக்கலாம். ஒவ்வொரு தாளிலும் பென்சிலில் இலை எண் போட்டிருப்பார்கள். அந்த எண் படத்தில் விழும்படி எடுங்கள். ஒவ்வொரு தொகுதியின் முதல் படமாக அதன் குறியீட்டைப் படம் பிடியுங்கள். ஊருக்கு வந்த பிறகு எந்தப் படம் எந்தத் தொகுதி என்று தெரியாமல் விழிப்பதைப் போன்ற வேதனை வேறில்லை.

கவர்னர் வைஸ்ராய்க்கு எழுதுவது டி.ஓ. கடிதம், இன்றைய தமிழ்நாட்டு அலுவலகங்கள் நேர்முகக் கடிதம் என்கிற வகை. அரசாணையின் இறுக்கம் அதில் இருக்காது. ஒரே கடிதத்தில் அமைச்சரவை, கட்சிப் பூசல், மழை, வேலைநிறுத்தம், யாரைப் பதவிக்குப் பரிந்துரைப்பது என்று பல விஷயம் ஓடும். முழுக் கடிதத்தையும் படியுங்கள். உங்களுக்கு வேண்டிய பாரா எத்தனையாவது இடத்தில் வருகிறது என்பதே ஒரு சேதி. இந்தி விவகாரம் முதல் பாராவாக வரும் மாதமும், கடைசியில் இரண்டு வரியாகச் சுருங்கும் மாதமும் ஒன்றல்ல.

கடிதத் தலைப்பில் ஊர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். கிண்டியிலிருந்து எழுதினாரா, ஊட்டியிலிருந்தா, சுற்றுப்பயண முகாமிலிருந்தா? ஊட்டியில் உட்கார்ந்து சென்னை மறியல் பற்றி எழுதுகிற கவர்னர், யாரோ அனுப்பிய அறிக்கையை வைத்து எழுதுகிறார். அந்த அறிக்கை எது என்று எழும்பூரில் தேடலாம்.

ஆறாம் படி: இரு முனைகளையும் கோத்துப் பார்த்தல்

முறையைச் சொல்லிவிட்டால் போதாது, இரண்டு இடங்களில் ஓட்டிக்காட்டுகிறேன்.

முதலில் 1937 மார்ச். தேர்தலில் வென்ற காங்கிரஸ், தனி அதிகாரங்களைப் பயன்படுத்தி அமைச்சர்களின் வேலையில் குறுக்கிடமாட்டேன் என்று கவர்னர் உறுதி தந்தால்தான் பதவி ஏற்போம் என்றது. மார்ச் இறுதியில் எர்ஸ்கினும் ராஜாஜியும் சந்தித்தார்கள். உறுதி கிடைக்கவில்லை, இடைக்கால அமைச்சரவை வந்தது. ஜூன் 21இல் லின்லித்கோ ஓர் அறிக்கை வெளியிட்டார். ஜூலையில் வார்தாவில் கூடிய காங்கிரஸ் காரியக் கமிட்டி பதவியேற்க அனுமதித்தது. ஓர் அறையில் இருவர் பேசியதற்கு எர்ஸ்கின் தரும் சித்திரம் லின்லித்கோவுக்கு அவர் எழுதியதில் இருக்கும். ராஜாஜி தரும் சித்திரம் அன்றைய 'தி இந்து', 'சுதேசமித்திரன்' அறிக்கைகளில் இருக்கும். காந்தியின் நிலை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அவரது எழுத்துத் தொகுப்பில் இருக்கும். மூன்றையும் தேதி வாரியாக ஒரே தாளில் மூன்று பத்திகளாக எழுதுங்கள். எங்கே மூவரும் ஒத்துப்போகிறார்கள், எங்கே ஒருவர் மௌனம் என்று பார்த்தாலே கட்டுரையின் பாதி வந்துவிடும். வைஸ்ராயும் டெல்லியிலிருந்து எர்ஸ்கினுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தவர் என்பதால், எர்ஸ்கின் தன் வார்த்தையைப் பேசினாரா, சொல்லித்தந்ததைப் பேசினாரா என்று பார்க்க முந்தைய வாரத் தந்திகளையும் கட்டாயம் படியுங்கள்.

அடுத்தது 1940 பிப்ரவரி 21. கட்டாய இந்தியை எர்ஸ்கின் நீக்கினார் என்று சொல்கிறோம். இங்கே 'நீக்கினார்' என்பது உண்மையிலேயே அவர்தான். அமைச்சரவை இல்லை, 93ஆம் பிரிவு ஆட்சி. அப்படியானால் 1938 ஜூலையில் அவருக்கு இருந்த கருத்து, அதிகாரம் கைக்கு வந்த 1939 அக்டோபருக்குப் பிறகும் மூன்று மாதத்துக்கு மேல் ஏன் காத்திருந்தது? எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான், விடையை ஒரே தொகுப்பிலிருந்து எடுக்க முடியாது. கல்வித் துறை கோப்பில் ஆலோசகர் என்ன குறிப்பு எழுதினார், கல்வியாண்டின் நடுவில் மாற்றலாமா என்ற பேச்சு வந்ததா என்று எழும்பூரில் பாருங்கள். காங்கிரஸ் மீண்டும் பதவிக்குத் திரும்பக்கூடும் என்ற கணக்கு டெல்லிக்கு இருந்ததா என்று லின்லித்கோ கடிதங்களில் பாருங்கள். தெருவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று இரு வார அறிக்கைகளிலும் 'விடுதலை'யிலும் பாருங்கள். இவை நான்கும் சேர்ந்தால்தான் அந்த ஒரு நாள் விளங்கும்.

இதே முறையில் பயிற்சி எடுக்க நல்ல சிறிய விஷயம் ஒன்று வேண்டுமா? 1939 ஜூலை 8 மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவையும், அதற்குச் சட்டப் பாதுகாப்புத் தர அடுத்து கவர்னர் பெயரில் வந்த அவசரச் சட்டத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். காலம் குறுகியது, கோப்புகள் குறைவு.

ஏழாம் படி: கவர்னர் கண்ணுக்குத் தெரியாதவை

எர்ஸ்கின் பிரிட்டிஷ் கன்சர்வேட்டிவ் அரசியல்வாதி. தமிழில் நடந்த பொதுக்கூட்டம் அவரிடம் போய்ச் சேர்ந்தது ஆங்கிலச் சுருக்கமாகத்தான். சிறைக்குப் போன பெண்கள் குழந்தைகளோடு போனார்கள் என்பது அவரது தாள்களில் எண்ணிக்கையாக வரலாம், பெயராக வருவது அரிது. ஆகவே அரசுத் தாள்களோடு நிறுத்திவிட்டால் அரசின் கண்ணால் மட்டுமே பார்த்தவர்கள் ஆவோம். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அன்றைய இதழ்களும் துண்டறிக்கைகளும் உள்ளன. சென்னை பெரியார் திடல் நூலகத்தில் 'குடி அரசு', 'விடுதலை' பார்க்கலாம். மாகாணச் சட்டசபை விவாதத் தொகுதிகளை எழும்பூர் நூலகத்திலேயே கேளுங்கள். அரசு தயாரித்த பத்திரிகைச் சுருக்க அறிக்கைகளும் அங்கே உண்டு. மூல இதழ் கிடைக்காதபோது அவை உதவும், மொழிபெயர்த்தவர் எதைச் சுருக்கினார் என்ற சந்தேகத்தோடு படியுங்கள்.

எட்டாம் படி: குறிப்பெடுத்தலும் பதிப்பித்தலும்

ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஐந்து விவரம் குறியுங்கள்: காப்பகம், வரிசைக் குறியீடு, கோப்பு அல்லது ஆணை எண், தேதி, இலை எண். துறை பெயர் இல்லாத அரசாணை எண்ணால் பயனில்லை. ஒவ்வொரு துறைக்கும் எண்கள் தனித்தனியாக ஓடும்.

பெரிய மேற்கோள்களையோ முழுக் கடிதத்தையோ அச்சிடுவதானால் பதிப்புரிமை பாருங்கள். இந்தியா ஆபீஸ் பதிவுகளில் உள்ள அரசுத் தாள்களுக்கு ஒரு விதி, தனியார் தொகுப்பில் உள்ள தாள்களுக்கு எழுதியவரின் வாரிசுகள் சம்பந்தப்படலாம். நூலகத்துக்கு எழுதிக் கேட்டால் சொல்வார்கள்.

1947க்குப் பிந்தைய ஆளுநர் என்றால்

தடங்கள் மூன்றுதான், இடங்கள் மாறும்: ஆளுநர் மாளிகை, தலைமைச் செயலகத் துறைகள், டெல்லியில் குடியரசுத் தலைவர் செயலகமும் உள்துறை அமைச்சகமும். காப்பகத்துக்கு இன்னும் வராத கோப்புக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 கைகொடுக்கும். அதில் 8(3) பிரிவை மேற்கோள் காட்டி எழுதுங்கள். விண்ணப்பித்த நாளுக்கு 20 ஆண்டுகளுக்கு முன் நடந்த விஷயம் என்றால், அரிய சில விலக்குகள் தவிர மற்றவற்றைக் காட்டி மறுக்க முடியாது. நாட்டுப் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவைத் தாள்கள் ஆகியவை பற்றிய விலக்குகள் மட்டுமே நிற்கும். 'ஆளுநர் தொடர்பான எல்லாக் கோப்புகளும்' என்று கேட்காமல், இன்ன துறை, இன்ன பொருள், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை என்று கேளுங்கள். முதலில் கோப்புப் பட்டியலை மட்டும் ஒரு மனுவில் வாங்குங்கள். பட்டியல் வந்ததும் எண் போட்டு அடுத்த மனு. மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.